மெதுவாக நட

மார்ச் 4

பொடிசுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. நம்பரை மாற்றிவிட்டாயா, இல்லை என் பெயரைப் பார்த்தால் எடுப்பதில்லையா என்பது உனக்குத்தான் வெளிச்சம். அதனால் உன் கேமின் பக்கத்தில் ‘இதைக் கட்டியவருக்கு எழுத’ என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதற்குள் எழுதுகிறேன். கூடப்பிறந்தவளிடம் பேச எனக்குக் கிடைத்திருக்கிற வழி இது.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று யோசிப்பாய். உன் அத்தான் லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வந்ததும் டீயைக் குடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேம் ஆடுவார். ஆடுகிறவர்களே வீடு, தெரு, காடு என்று எதையாவது கட்டி மற்றவர்களுக்கு ஆடக் கொடுக்கிறார்களாமே, அது. போன வாரம் ஆடிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். “இங்க வாயேன். உங்க பழைய வீட்ல ஃப்ரிட்ஜ் கதவு மூடாம கயிறு போட்டுக் கட்டி வச்சிருந்ததா சொல்வியே. இதுலயும் அப்படி ஒண்ணு இருக்கு” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் கரண்டியோடு போய் நின்றேன்.

கயிறு பச்சை நிறம். சமையலறைச் சன்னலில் ஒரு கம்பி மட்டும் வளைந்திருந்தது. அடுப்படியில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், என்ன செய்தாலும் திரும்ப மாட்டேன் என்கிறாள். கூடத்தில் அந்த உடைந்த தரைக்கல். அதை மிதிக்கக் கூடாது என்பது எனக்கு முன்னால் என் காலுக்கு ஞாபகம் வந்தது. நின்ற இடத்தில் விரலை மடக்கிக்கொண்டேன்.

பின்னறையில் இருக்கிற குழந்தை வாசல் வரைக்கும் போய்த் தெருவுக்கு வந்துவிட வேண்டும். அதுதான் ஆட்டம். நடுவில் அவர் வருவார். சாவிக்கொத்துச் சத்தம், செருப்புச் சத்தம், கதவுக்கு அடியில் நிழல். பிடித்துவிட்டால் ஸ்கிரீன் இருட்டாகித் தட்டு விழுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு மறுபடி பின்னறையிலிருந்து.

பெயர் ‘மெதுவாக நட’. கட்டியவர் பெயர் ‘பொடிசு’. அதற்கு மேல் எனக்கு என்ன சந்தேகம். உன் அத்தானிடம், எல்லார் வீடும் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஏகப்பட்ட பேர் ஆடுகிறார்களாம். ஆடுவதைப் படமெடுத்துப் போடுகிறார்கள். பார்த்தேன். பயந்து கத்திவிட்டு, அப்புறம் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நம் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு சிரிக்கிறார்கள், பொடிசு.

இதையும் சொல்கிறேன். அன்றைக்கு அப்பா எனக்குப் பின்னால் சோஃபாவில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தது நான். எங்கள் கடையில் நானே பவர் பார்த்துக் கொடுத்தது. அங்கிருந்து டிவி அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலது கையும் சரியில்லை, காலும் சரியில்லை. சட்டைப் பொத்தான் போட ஆள் வேண்டும். அம்மாவும் இல்லை. யாருக்குக் காட்ட இதைக் கட்டினாய்? எடுத்துவிடு.

அக்கா


மார்ச் 11

அக்கா,

‘மூணாவது ரூம்ல எப்படித் தப்பிக்கிறது’ என்று ஒரு கடிதம், ‘தூக்கம் போச்சு, சூப்பர்’ என்று ஒரு கடிதம், இரண்டுக்கும் நடுவில் நீ. யாரோ வேடிக்கை செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ‘கரண்டியோடு போய் நின்றேன்’ என்ற இடத்தில் நீதான் என்று தெரிந்தது. உனக்குக் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வர எப்போதும் தெரியாது.

நான் எடுக்க மாட்டேன்.

மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டுகிறேன். என்னை அங்கே ‘பூனை’ என்று கூப்பிடுகிறார்கள். நான் வருவதே தெரியவில்லையாம். பின்னால் வந்து நின்று பேசினால் தூக்கிவாரிப் போடுகிறதாம். ஒருநாள் மேலாளர், “ஒரு கொலுசு வாங்கித் தரட்டுமா” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்படித்தான் ஓடுகிறது.

வேலை முடிந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன். குளியலறைக் கொக்கிக்கு மட்டுமே பல நாள் ஆனது. அது எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்று கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டேன். கட்டி முடித்ததும் எல்லாருக்கும் திறந்துவிட ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினேன். யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். வந்துவிட்டார்கள்.

சிரிக்கிறார்கள்தான். எனக்கும் முதலில் சுருக்கென்றது. ஆனால் நீ இன்னும் கொஞ்சம் பார். சிரித்துக்கொண்டே வருகிறவர்கள் அந்த உடைந்த கல் பக்கத்தில் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். எந்த ஊர்க்காரர்களோ, நம்மை யாரென்றே தெரியாது, நம் கூடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு அது துணையாக இருக்கிறது. உன்னிடம் சொல்லியிருந்தால், “பழைய கதை, விட்டுத்தள்ளு” என்றிருப்பாய். அம்மா போன அன்று அப்படித்தான் சொன்னாய். சொல்லிவிட்டு அவர் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்து உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாய்.

நீ அவரை உன் வீட்டில் வைத்துக்கொண்டாய். நான் வைத்துக்கொள்ள எனக்கு அந்த வீடுதான் இருந்தது.

பொடிசு


மார்ச் 22

பொடிசு,

பூனை என்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். கடையில் ஒருத்தருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தபோது அது ஞாபகம் வந்து, அவர் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்த பிறகும் நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன். “இன்னும் படிக்கணுமா?” என்று கேட்டார்.

உன்மேல் கோபம் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

உன் அத்தான் வெளியே போயிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா டிவியைக் கையால் காட்டி, “அந்த வீட்டைப் போடு” என்றார். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லுவார், அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. யாரோ ஆடிப் படமெடுத்துப் போட்டதை வைத்தேன்.

முழுக்கப் பார்த்தார். முடிந்ததும், “ஸ்விட்ச் போர்டைத் தப்பா வச்சிருக்கா. அது வாசக்கதவுக்கு வலப்பக்கம். நான்தான் வயர் இழுத்தேன், எனக்குத் தெரியாதா?” என்றார்.

நான் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். மடித்ததையே உதறி மறுபடி மடித்தேன்.

“வர்றது நானா?”

“ஆமாப்பா.”

“மூஞ்சி ஏன் வைக்கல?”

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியாது. உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னார். அவர் உன்னிடம் ஒன்று கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். அடுப்படியில் அம்மா இருக்கிறாள். அப்பா இருக்கிறார். ஓடுகிற குழந்தை நீ. அந்த வீட்டில் நான் எங்கே? உனக்குத் தலை வாரிவிட்டேன், உன் பங்குக்கும் சேர்த்து அடி வாங்கியிருக்கிறேன். ஒரு மூலையில்கூட என்னை நிற்க வைக்க உனக்குத் தோன்றவில்லையா?

அக்கா


மார்ச் 24

அக்கா,

ஸ்விட்ச் போர்டு. அவ்வளவையும் பார்த்துவிட்டு அவருக்குச் சொல்லத் தோன்றியது ஸ்விட்ச் போர்டு. படித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தேன்.

அது சரியாகத்தான் இருக்கிறது என்று சொல். அவர் வெளியிலிருந்து உள்ளே வருகிறவர், அவருக்கு வலப்பக்கம். உள்ளே நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது இடப்பக்கம்.

முகம் வைக்காததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டும்போது முகம் வைக்கலாம் என்றுதான் இருந்தேன். உட்கார்ந்து யோசித்தால் வரவில்லை. என் உயரத்துக்கு இடுப்பு வரைதான் தெரியும். பெல்ட்டு, சாவிக்கொத்து, வேலைக்குக் கொண்டுபோகிற குறடு. அதற்கு மேல் நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. பெரியவள் ஆன பிறகு பார்த்திருக்கிறேன். ஆனால் அது தெருக்காரர்கள் பார்க்கிற முகம். கரண்ட் போனால் ஓடிவந்து கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் முகம். அதை அந்த வீட்டுக்குள் வைத்தால் பொருந்தவில்லை. வைத்துப் பார்த்து எடுத்துவிட்டேன்.

நீ இருக்கிறாய். அத்தான் அதைத் திறந்து பார்க்கவில்லை போலிருக்கிறது. இரண்டாவது அறையில் துணி அலமாரி இருக்கிறது. கதவைத் திறந்து உள்ளே போனால் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு கை வந்து வாயைப் பொத்தும். நிறையப் பேர் அதைப் பேய் என்று நினைத்துக் கத்துகிறார்கள். பேய் இல்லை, பயப்படாதீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் எழுதலாமா என்று இருக்கும்.

அந்தக் கைக்குத்தான் நான் ரொம்ப நேரம் செலவழித்தேன். கட்டைவிரலில் அந்தத் தையல் தழும்புகூட இருக்கிறது.

பொடிசு


ஏப்ரல் 13

பொடிசு,

அலமாரியைப் பார்த்தேன். அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

நீ சொன்னதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். “உங்க இடுப்பு வரைக்கும்தான் அவளுக்குத் தெரிஞ்சுதாம்” என்றேன். கேட்டுக்கொண்டார். பிறகு குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். வேட்டி நழுவியிருக்கிறது என்று நினைத்து நான் சரிசெய்யப் போனேன். வேண்டாம் என்று கையைத் தள்ளிவிட்டார்.

மறுநாளே ஆட வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். உன் அத்தானுக்கு ஒரே சந்தோஷம். விரலுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று பிசியோதெரபிக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார், மாமா எதற்கும் அசைய மாட்டேன் என்கிறார், இப்போது அவரே கேட்கிறார் அல்லவா. இவர் கண்ட்ரோலரின் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தையை நடத்துவார். அப்பா வலது கைவிரலால் குழந்தை ஒளிந்துகொள்கிற பொத்தானை அழுத்துவார். சாயங்காலமானால் மாமனாரும் மருமகனும் ஒரே கண்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அழகாக இருக்கும்.

பிடிபட்டுக்கொண்டே இருந்தார்கள். நாலைந்து நாள் கழித்து அப்பா யோசனை சொல்ல ஆரம்பித்தார்.

“லைட்டை அணைக்காதீங்க மாப்பிள்ளை. இருட்டா இருந்தா அவனுக்குச் சந்தேகம் வரும்.”

“சரி மாமா.”

“ஓடக் கூடாது. ஓடினா அவனுக்கு இன்னும் ஏறும்.”

“ம்.”

“கதவைத் தாப்பாள் போடாதீங்க. பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கிறதைப் பாத்தா, என் வீட்ல எனக்கே கதவு சாத்துறாளுங்களான்னு அவனுக்கு...”

அங்கே நிறுத்திவிட்டார். உன் அத்தான் கண்ட்ரோலரைப் பிடித்தபடியே திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கை தவறிப் பாத்திரம் விழுந்தால் நான் ஏன் அப்படி உறைந்துபோகிறேன் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவர். அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மெதுவாக எழுந்து, டீ போடுகிறேன் என்று உள்ளே போனார். டீ போடவில்லை. அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

அப்பாவுக்கு அது புரியவில்லை. “காரணம் இல்லாம எவன் கை ஓங்குவான்? இதுக்கு ஒரு வழி இருக்கும். அதைக் கண்டுபிடிச்சாப் போயிரலாம்” என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னது எதுவும் பலிக்கவில்லை. வழி என்ன, பொடிசு? நீதானே கட்டினாய். அவரை ஒரே ஒரு தடவை அந்த வாசலைத் தாண்ட விடு. வயசான மனிதர்.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

வழி இல்லை.

ஏமாற்றவில்லை, உண்மையாகவே இல்லை. அந்த வீட்டுக்குள் ஓர் ஆளை வைக்கும்போது, அவர் எதற்கு வருவார் என்று கேம் நம்மைக் கேட்கும். சத்தம் கேட்டால், வெளிச்சம் தெரிந்தால், கதவு திறந்தால் என்று வரிசையாக இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எதை வைத்தாலும் அது நம் வீடு மாதிரி இல்லை. கடைசியில் ‘எப்போது வேண்டுமானாலும்’ என்று ஒன்று இருந்தது. அதை வைத்தேன். உடனே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. சரியாக வந்துவிட்டது என்று தெரிந்தது.

சில பேர் வாசலைத் தாண்டிவிடுகிறார்கள். அது அவர்கள் சாமர்த்தியம் இல்லை, அன்றைக்கு அப்படி. ஆனால் தாண்டியவர்கள் சும்மா இருப்பதில்லை. சுவரை ஒட்டி நடந்தால் வர மாட்டார், அடுப்படிப் பெண்ணை மூன்று தடவை தொட்டுவிட்டுப் போனால் வர மாட்டார் என்று பெரிய பெரிய விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்து நாலு பேர் அப்படியே செய்து, பிடிபட்டு, நான்தான் ஏதோ தப்பாகச் செய்திருப்பேன் என்று எழுதுகிறார்கள்.

நாமும் அப்படித்தானே இருந்தோம். தட்டைக் கழுவிக் கவிழ்த்தால் அவருக்குக் கோபம் வராது. செருப்பை வாசலைப் பார்த்து வைத்தால் வராது. ரேடியோவைக் குறைத்தால் வராது. நீதான் சொல்லிக் கொடுத்தாய். ஒருநாள் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டோம். நீ விரல் விட்டு எண்ணிப் பார்த்து, “இன்னிக்கு ஒண்ணும் ஆகாது” என்றாய். அவர் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார். எனக்குக் கலர் பென்சில் வாங்கி வந்திருந்தார். அம்மாகூடச் சிரித்தாள். நான் நீலத்தை எடுத்துச் சீவிக்கொண்டிருந்தேன். சீவி முடிக்கவில்லை.

அதற்குக் காரணம் என்ன என்று எவ்வளவோ வருஷம் யோசித்தேன். பென்சில் சீவிய குப்பையைத் தரையில் போட்டேனா, அம்மா சிரித்தது அதிகமா என்று. ஒன்றும் இல்லை, அக்கா. ஒன்றுமே இல்லை.

நீ இன்னும் செருப்பை வாசலைப் பார்த்துத்தான் வைக்கிறாயா? நான் வைக்கிறேன்.

இதை அவரிடம் சொல்லுவதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

பொடிசு


மே 3

பொடிசு,

நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவராகவே தெரிந்துகொண்டார்.

உன் அத்தான் இனிமேல் அதை ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்பாவை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார், குளிப்பாட்டுகிறார், ஆனால் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அதனால் நான் உட்கார்ந்தேன். நடப்பது என் கை, ஒளிவது அவர் கை. இப்படி ஒன்று நடக்கும் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா? அவரிடமிருந்து தப்பிக்க அவரோடு தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். சாவிச் சத்தம் கேட்டால் என் தோள் தூக்கிக்கொள்ளும். அவர் தோளும் தூக்கிக்கொண்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு என்ன பயம் என்று ஆத்திரமாக வந்தது.

முந்தாநாள் நன்றாகப் போய்க்கொண்டிருந்தோம். கல்லை மிதிக்கவில்லை. விளக்கு எரிந்தது. ஓடவில்லை. வாசல் கதவுக்கு இரண்டு எட்டு இருக்கும்போது பின்னாலிருந்து வந்து பிடித்துவிட்டார். இருட்டாகித் தட்டு விழுந்தது.

அப்பா பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

“நாம சரியாத்தானேம்மா போனோம்?”

“ஆமாப்பா.”

“எல்லாம் சரியாத்தானே செஞ்சோம். அப்புறம் எதுக்கு அடிக்கிறான்?”

இந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்க வேண்டும் என்று எத்தனை வருஷமாக வைத்திருந்தேன் தெரியுமா? கல்யாணத்துக்கு முந்தின நாள் கேட்கலாம் என்று போய், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவள் நான். அதை அவர் என்னிடம் கேட்கிறார். என்னைப் பார்த்துக் கேட்கிறார். “தெரியலப்பா” என்றேன்.

அதற்கப்புறம் ஆட வேண்டும் என்று சொல்லவில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. நேற்று என்னைக் கூப்பிட்டு, உன்னிடம் பேச வேண்டும் என்றார். என்ன என்று கேட்டேன். “அவகிட்டத்தான்” என்றார். என்னிடம் சொல்லவில்லை.

நீ வர வேண்டாம். போன் செய். நான் போனை அவர் காதில் வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன். என் நம்பர் மாறவில்லை.

அக்கா


மே 6

அக்கா,

கிடங்கில் இரண்டு பெட்டிகளை இடம் மாற்றி அனுப்பிவிட்டேன். இதுவரைக்கும் அப்படி ஆனதில்லை.

அவர் என்ன சொல்லுவார்? ‘நீ செஞ்சது சரியா’ என்பாரா? அப்படிச் சொன்னால் எனக்குப் பதில் தெரியும், தயாராக வைத்திருக்கிறேன். ஆனால் வேறு மாதிரி ஏதாவது சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? அதை வாங்கி எங்கே வைப்பேன்? ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வார். நான் அதை வைத்துக்கொண்டு இங்கே தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

மாட்டேன் என்று சொல்லவில்லை. கொஞ்சம் நாள் கொடு. இந்த மாதம் முடியட்டும்.

பொடிசு


மே 20

பொடிசு,

அத்தான் அனுப்பிய செய்தியை நீ பார்த்துவிட்டாய் என்று தெரியும். பார்த்ததற்கு அடையாளம் அதில் விழுந்திருந்தது. ஆனாலும் நானே சொல்ல வேண்டும் அல்லவா.

அப்பா காலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். உன் அத்தான் பக்கத்தில் துண்டோடு நின்றிருந்தார். அப்படியே அவர்மேல் சரிந்தாராம். நான் ஓடிப் போவதற்குள் முடிந்துவிட்டது. இவர்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் நிறைய. பழைய தெருவிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். புயல் அடித்த வருஷம் ராத்திரி பகல் பார்க்காமல் தெருவுக்கே வெளிச்சம் கொடுத்தவர் என்றார் ஒருத்தர். தங்கமான மனிதர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார் என்றார் இன்னொருத்தர். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். சின்னவள் எங்கே என்று கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்றேன்.

நான் அழுதேன். எதற்கு அழுதேன் என்று அந்த இடத்தில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது தெரிந்த ஆள் இந்த உலகத்தில் இன்னும் ஒருத்திதான் இருக்கிறாள், அவளும் அங்கே இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இல்லை, குறையாகத்தான் சொல்கிறேன்.

உன்னிடம் என்ன சொல்ல நினைத்தார் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது. கடைசி வாரத்தில் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன். ஒரு தடவை மட்டும், “அவ இருக்கிற வீட்ல எர்த் சரியா போட்டிருக்கானான்னு கேளு. பழைய கட்டடம்னா ஷாக் அடிக்கும்” என்றார். சொல்ல நினைத்தது அதுதானா, இல்லை அதைச் சொல்ல முடியாமல் இதைச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. நானாக ஒன்றைச் சேர்த்து உனக்குச் சொல்ல மாட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்.

அக்கா


ஜூன் 9

அக்கா,

செய்தி வந்த அன்று கிளம்பினேன். பை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம் வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தேன். பஸ் வந்தது, ஆட்கள் ஏறினார்கள், கண்டக்டர் என்னைப் பார்த்து, “வர்றீங்களாம்மா?” என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டேன். வருகிறேன் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை. பஸ் போய்விட்டது.

வீட்டுக்காரரிடம் எர்த் பற்றிக் கேட்டேன். ஆள் வந்து பார்த்தார். சரியாகத்தான் இருக்கிறது.

அவர் போன் பேசியிருந்தால் இதைத்தான் கேட்டிருப்பாரோ என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. இதற்கா நான் அப்படிப் பயந்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது.

போன வாரம் அந்த வீட்டிலிருந்து அவரை எடுத்துவிட்டேன். உனக்காகவும் இல்லை, அவருக்காகவும் இல்லை. ஓர் இரவல் சாமானைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி இருந்தது. இப்போது உள்ளே யாரும் வருவதில்லை. சாவிச் சத்தம் இல்லை, நிழல் இல்லை. பின்னறையிலிருந்து கிளம்பினால் நேராகத் தெருவுக்குப் போய்விடலாம். ஆடுகிறவர்களுக்கு ஒரே கோபம். கேம் கெட்டுப்போய்விட்டது, சரிசெய் என்கிறார்கள். பாதிப் பேர் போய்விட்டார்கள்.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டினவள் நான், எடுத்தவள் நான், வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். அப்படியும் சுவரை ஒட்டித்தான் நடந்தேன். கல்லைத் தாண்டித்தான் கால் வைத்தேன். வாசல் வரைக்கும் போக முடியவில்லை. பாதியில் அணைத்துவிட்டேன்.

ஒருத்தர் மட்டும் இப்படி எழுதியிருக்கிறார்: ‘வீடு முழுக்கச் சுற்றிவிட்டேன், யாருமே வரவில்லை. ஆனாலும் கடைசி வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தேன். ஏன் என்று தெரியவில்லை.’ அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

நீ ஒரு தடவை போய்ப் பார்க்கிறாயா, அக்கா? தனியாக.

பொடிசு


ஜூன் 17

பொடிசு,

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. வீட்டு வேலையை எல்லாம் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கையில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

முதலில் நானும் சுவரை ஒட்டித்தான் போனேன். கூடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வெளியே யாரோ வண்டியைத் துடைத்துக்கொண்டு பாட்டுப் பாடுகிற சத்தம் கேட்டது. இங்கே அந்த வீடு சும்மா இருந்தது. நம் வீடு சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. சன்னல் வழியாக வெயில் விழுகிற மாதிரி வைத்திருக்கிறாய். அது இவ்வளவு நாள் என் கண்ணில் படவே இல்லை. நல்ல வெளிச்சமான வீடுதான் அது, இல்லையா?

அப்புறம் அந்தக் கல்லை மிதித்தேன். டக் என்றது. காத்திருந்தேன். மறுபடி மிதித்தேன். அதன்மேல் ஏறி நின்று குதித்தேன். அடுப்படிக்குள் ஓடினேன், பின்னறைக்கு ஓடினேன், திரும்பி வாசலுக்கு ஓடினேன். ஒவ்வொரு கதவையும் அடித்து அடித்துச் சாத்தினேன். டிவி சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவும் கூட்டி வைத்திருந்தேன். உன் அத்தான் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்து, “என்ன ஆச்சு, என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“ஒண்ணும் ஆகல” என்றேன்.

ஒன்றுமே ஆகவில்லை, பொடிசு. அதற்குத்தான் அவ்வளவு அழுகை வந்தது.

அக்கா